மாத்தளையின் இலையுதிர்காலம் எது? மலைநாட்டுப் பருவங்களை அறிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

ஒக்டோபர் பிறந்தால் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள உறவுகள் சிவந்த மேப்பிள் மரங்களின் படங்களை அனுப்பத் தொடங்குவார்கள். நவம்பரில் முதல் பனிப்பொழிவின் காணொளிகள் வரும். அங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் "ஊரில் இப்ப என்ன காலம்?" என்றும் கேட்பார்கள். "மழைக்காலம்" என்ற ஒற்றைச் சொல்லோடு அந்தக் கேள்வியை முடித்துவிடுகிறோம். ஆனால் மாத்தளை போன்ற ஒரு மாவட்டத்தில் இலை எப்போது உதிர்கிறது, எப்போது தளிர்க்கிறது, மழை எந்தச் சரிவில் விழுகிறது என்பவற்றை அறிந்திருப்பது ஒரு குடும்பத்தின் நாட்சம்பளத்தோடும், சில வேளைகளில் உயிரோடும் தொடர்புடைய விடயம்.

என் தாய்வழிக் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பின் மாத்தளையின் இறப்பர்த் தோட்டமொன்றை விட்டு வவுனியாவுக்குப் போனது. நான் வன்னியில் வளர்ந்தேன். இப்போது தொழில் நிமித்தம் மாத்தளையில் இருக்கிறேன். மாதம் ஒருமுறையேனும் ஏ9 வீதியால் வடக்கே போய் வருகிறேன். அந்தப் பயணங்களில் குறித்து வைத்தவற்றையும், இந்த மாவட்டத்தின் காலநிலை பற்றி அறியப்பட்ட விபரங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஒரு மாவட்டம், பல காலநிலைகள்

மாத்தளை மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,993 சதுர கிலோமீற்றர். 11 பிரதேச செயலகப் பிரிவுகள். இலங்கையின் காலநிலை வலயங்கள் ஆண்டு மழையை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது ஈர வலயம், 1,750க்குக் குறைவாகப் பெறுவது உலர் வலயம், இரண்டுக்கும் நடுவே இருப்பது இடை வலயம். இந்த மாவட்டத்துக்குள் மூன்றையும் காணலாம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சிப் பகுதிகள் நன்கு நனைந்த நிலம். மாத்தளை நகரும் அதைச் சுற்றிய வாசனைத்திரவியத் தோட்டங்களும் இடை வலயம். தம்புள்ளை, கலேவெலப் பக்கம் போனால் உலர் வலயம் தொடங்கிவிடும்.

மாத்தளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரத்தோட்டை வழியாகச் சுமார் 30 கிலோமீற்றர் மேலேறினால் ரிவஸ்டன் கணவாய் வரும். நகரைவிட அது ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். காற்றும் ஈரமும் சேர்வதால் உடம்புக்கு அதைவிடக் கூடுதலான குளிராகத் தெரியும். நக்கிள்ஸின் அதியுயர் சிகரமான கொம்பனியா 1,900 மீற்றருக்குச் சற்று மேல். காற்று ஓயாமல் அடிக்கும் முகடுகளில் மரங்கள் இடுப்பளவுக்கு மேல் வளராத குள்ளக் காடுகள் இருக்கின்றன.

மலையின் இரு பக்கமும் ஒரே நாளில் இரு வேறு காலநிலையில் இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. இறங்கும்போது சூடேறிக் காய்ந்துபோகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்வதும் மத்திய மலைகளைத் தாண்டி இப்படி இறங்கி வரும் காற்றைத்தான். அந்த மாதங்களில் ரிவஸ்டனில் மூடுபனியில் நனைந்து நின்றுவிட்டு லக்கல பக்கம் இறங்கினால், சிறிது நேரத்திலேயே புழுதி பறக்கும் வெயிலில் நிற்பீர்கள்.

குளிர் நாடுகளில் இலை சிவப்பது ஏன்?

குளிர் நாட்டு மரத்துக்குக் காலத்தை அறிவிப்பது முதன்மையாகப் பகலின் நீளம். ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் 15 மணித்தியாலத்தைத் தாண்டும். டிசெம்பரில் அது 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. பகல் சுருங்கி இரவு குளிரும்போது மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, பயனுள்ள சத்துகளைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. பச்சை மறைந்ததும், இலையில் முன்பே இருந்த கரோட்டினொயிட் என்னும் மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்கள் அந்த வேளையில் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் புதிதாகவும் உருவாக்குகின்றன. நிலத்து நீர் உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது. ஆகவே அதற்கு முன்பே நீரை இழக்கும் இலையைக் கழற்றிவிடுவது மரத்துக்குப் பாதுகாப்பு.

அங்கே நிறம் வடக்கிலிருந்து தெற்காகவும், மலையிலிருந்து சமவெளிக்கும் இறங்கி வரும். ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில் மேப்பிள்கள் செப்டெம்பர் இறுதியில் உச்ச நிறத்தை அடைகின்றன. ரொறன்ரோ நகரம் சிவக்க ஒக்டோபர் நடுப்பகுதி தாண்டும்.

மாத்தளை ஏறத்தாழ வட அகலாங்கு 7.5 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நீர் உறைவதும் இல்லை. இங்கே மரங்கள் இலையை உதிர்ப்பது பெரும்பாலும் வறட்சியில். நீர் குறையும் மாதங்களில் உதிர்த்து, மழைக்கு முன்னோ மழையோடோ தளிர்க்கும். அதனால் ரொறன்ரோ மொட்டையாகும் நவம்பரில் வன்னிக் காடு ஆண்டிலேயே மிகச் செழிப்பான பச்சையில் இருக்கும். வறட்சியில் கிழங்காக மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்த கார்த்திகைச் செடி மழையோடு முளைத்துக் கொடியாகி, பற்றைகளின் மேல் பூப்பதும் அந்த மாதத்தில்தான்.

மாத்தளையில் இலை உதிரும் மாதங்கள்

மேப்பிளுக்கு நிகராக ஒரு மரத்தை மாத்தளையில் காட்டச் சொன்னால் நான் இறப்பரைக் காட்டுவேன். அமேசன் காட்டின் மரமான இது 1876 இல் கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. ஜனவரி இறுதி தொடக்கம் பெப்ரவரி வரையான வறண்ட வாரங்களில் இதன் இலைகள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, பழுப்பாகி உதிர்கின்றன. உக்குவளை, இரத்தோட்டைப் பக்கத்துச் சரிவுகளைப் பெப்ரவரியில் பார்த்தால் வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்ப்பது போலவே இருக்கும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் வந்து, பின் பச்சையாகும்.

படம் எடுக்க வருபவர்களுக்கு இது அழகான காலம். பால் வெட்டும் தொழிலாளருக்கோ இது வருமானம் குறையும் காலம். இலை இல்லாத மரத்தில் பால் குறைவு. தளிர் விடும் வாரங்களில் மரம் தன் உணவைப் புதிய இலைக்கே செலவிடுகிறது. அந்த இளந்தளிரை ஒயிடியம் என்ற சாம்பல் பூஞ்சை தாக்கினால் மரம் மறுபடியும் இலையை இழக்கும், பால் குறையும் காலமும் நீளும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழையால் பட்டை நனைந்து வெட்ட முடியாத நாட்கள் பல. மழை விட்ட பின் இலை உதிர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை வரும் இந்தச் சம்பள இழப்பை அறியாமல் தோட்டக் குடும்பமொன்றின் கடன் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. என் பாட்டி மாசி மாதத்தைக் "காஞ்ச மாசம்" என்றுதான் சொல்வார். வவுனியாவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆன பின்பும் அவர் வாயில் அந்தச் சொல் மாறவில்லை. ஆனால் வன்னியில் மாசி நெல் அறுவடைக்காலம், கையில் காசு புழங்கும் காலம்.

இதே வறண்ட மாதங்களில் இலவ மரமும் மொட்டையாகும். தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி படரவும் நட்ட முள்முருக்கு, இலையற்ற கிளையில் சிவப்பாகப் பூக்கும். சிங்கள மக்கள் எரபது என்று அழைக்கும் இந்தப் பூ சித்திரைப் புத்தாண்டு நெருங்குவதன் அடையாளமாகக் கருதப்படுகிறது.

தம்புள்ளைக்கு வடக்கே கதை மாறுகிறது. அங்கே கடும் வறட்சி மே முதல் செப்டெம்பர் வரை. ஏ9 ஓரத்துத் தேக்கந்தோட்டங்கள் அந்த வறட்சியில் இலை உதிர்க்கின்றன. ஆனால் பாலை, வீரை போன்ற வன்னி மரங்கள் தடித்த இலையோடு வறட்சியைத் தாங்கிப் பச்சையாகவே நிற்கும். எனவே ஓகஸ்டில் ஏ9 வழியாகப் போகும் ஒருவர் மொட்டைத் தேக்கையும் பச்சைப் பாலையையும் ஒரே வீதியோரத்தில் காணலாம்.

சிவப்பாகப் பிறக்கும் இலைகள்

நம் மலைநாட்டில் சிவப்பு இலை என்றால் பெரும்பாலும் புதிய இலை. மாத்தளையின் வீட்டுத் தோட்டங்களிலேயே இதைப் பார்க்கலாம். கறுவாத் தளிர் நல்ல சிவப்பு. கராம்புத் தளிர் இளஞ்சிவப்பு. கொக்கோவும் மாவும் செம்பு நிறத்தில் துளிர்க்கும். 1986 இல் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட நாக மரத்தின் தளிர் இரத்தச் சிவப்பு. நக்கிள்ஸ் உச்சிக் காடுகளில் நாவல் இனத்து மரங்கள் தளிர்க்கும்போது, பச்சை மலையில் சிவப்புத் திட்டுகள் தெரியும்.

மேப்பிளில் இருக்கும் அதே அந்தோசயனின்தான் இங்கும் நிறம் தருகிறது. இதற்கு விஞ்ஞானிகள் கூறும் விளக்கங்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, முதிராத இலையைக் கடும் வெயிலிலிருந்து அது காக்கிறது என்பது. இரண்டாவது, இலை தின்னும் பூச்சிகளை அது விலக்குகிறது என்பது. ஆக, ரொறன்ரோவின் சிவப்பு இலை விழப்போகிறது. மாத்தளையின் சிவப்பு இலை இப்போதுதான் வந்திருக்கிறது.

இலை உதிர்ந்து வரலாறு மாறியபோது

மாத்தளை மண்ணில் நடந்த மிகப்பெரிய இலையுதிர்வு ஒரு நோயால் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த மாவட்டம் கோப்பித் தோட்டங்களால் நிறைந்திருந்தது. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். காய்ச்சலாலும் கொலராவாலும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். கோப்பி பறிப்பு ஆண்டின் பிற்பகுதி வேலை. பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். அவர்களது வாழ்க்கை ஒரு செடியின் பருவத்தோடு கட்டப்பட்டிருந்தது.

1869 இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போன்ற பூஞ்சை கண்டறியப்பட்டது. துரு நோய் என்று அழைக்கப்படும் இது பற்றிய இலைகள் காலம் வருமுன்பே உதிர்ந்தன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் வீழ்ந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. மாத்தளையில் கொக்கோவும் பின்னர் இறப்பரும் வந்தன. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே வந்து போன மக்கள் குடும்பமாகத் தங்கி, இந்த மண்ணின் மக்களானார்கள். அப்படித் தங்கிப் பல தலைமுறை கண்ட பின்பும், அவர்களை வந்து போகிறவர்களாகவே பார்த்த பார்வை மாறவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 2023 இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தபோது பின்பற்றப்பட்டது அந்தப் பழைய பாதையின் நினைவுதான்.

பின்னர் 1977 இலும் 1983 இலும் வன்செயல்கள் இம்மக்களில் ஒரு பகுதியினரை அதே பாதையால் வடக்கே துரத்தின. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறியவர்கள் மலையின் பருவங்களை மறந்து குளத்தின் பருவங்களைப் பழகினார்கள். போர் அவர்களை அங்கிருந்தும் பெயர்த்தது. சிலர் இன்று பனி பெய்யும் நாடுகளில் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் மூன்று பருவ நாட்காட்டிகள் இருப்பது இதனால்தான்.

'பனி' என்ற ஒரு சொல்

நம் தமிழில் பனி என்பது பல பொருள் தரும் சொல். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனி என்றால் புல்லில் படியும் ஈரம். ரிவஸ்டனில் பனி என்றால் வீதியை மறைக்கும் மூடுபனி, அதாவது தரையைத் தொடும் மேகம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதத் தெளிந்த இரவுகளில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. ஒஸ்லோவில் விழுவது வெண்பனி.

உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை. மேகமற்ற, காற்றற்ற இரவில் தரை வெப்பத்தை இழந்து உறைநிலைக்கு இறங்கும்போது, காற்றிலுள்ள ஈரம் இலையின் மேலேயே பளிங்காகிறது. தேயிலைக் கொழுந்து அதில் கருகிவிடும். கருகிய மலையில் மறுபடி கொழுந்து வரும்வரை பறிப்பு வேலை குறையும்.

சில ஆண்டுகளில் "மலையகத்தில் பனிமழை" என்று செய்திகள் வரும். அது ஆலங்கட்டி மழை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் எழும் இடிமேகங்களுக்குள் நீர்த்துளிகள் மிக உயரத்துக்குத் தள்ளப்பட்டு உறைந்து கட்டிகளாக விழுகின்றன. நம் வானில் உறைநிலை தொடங்குவது ஏறத்தாழ 5,000 மீற்றர் உயரத்தில். நாட்டின் அதியுயர் மலையான பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். ஆகவே இலங்கை மலைகளில் வெண்பனி பொழிய வாய்ப்பில்லை.

ஆபத்தான மாதங்கள்

கனடாவில் முதல் பனி விழும் நவம்பரில், மாத்தளையில் கவனிக்க வேண்டியது மலைச்சரிவை. ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையும், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவமழையும் அடுத்தடுத்து வருகின்றன. வங்கக் கடலில் தாழமுக்கங்களும் புயல்களும் உருவாவதும் இந்த மாதங்களில்தான். ஏற்கெனவே ஊறிய மண்ணின் மேல் பெருமழை விழும்போது சரிவுகள் நகர்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியாவோடு மாத்தளை மாவட்டத்திலும் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற விமர்சனமும் அப்போது பரவலாக எழுந்தது.

லயன்களில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வீட்டுக்கோ காணிக்கோ உறுதி இல்லை. பாதுகாப்பான இடத்துக்குத் தாமாகவே மாறிக் குடியேற அவர்களால் முடியாது. அந்த உரிமை கிடைக்கும் வரை, வேளையோடு வெளியேறுவதுதான் அவர்களிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பு. அதற்கு மழையின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் மழை அளவுகள் இவை:

- 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர்: மஞ்சள். அவதானமாக இருங்கள்.
- 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றர்: செம்மஞ்சள். வெளியேறத் தயாராகுங்கள்.
- 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர்: சிவப்பு. வெளியேறுங்கள்.

மழையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, நேரான சுவர் கொண்ட ஒரு தகரப்பேணியைக் கூரையும் மரமும் மறைக்காத வெளியில் வையுங்கள். தேங்கும் நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையளவு. ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து, எழுதி, கொட்டிவிடுங்கள். கடும் மழை நாளில் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள். மலையில் ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையே மழை பெரிதும் வேறுபடும். நகரில் அளந்த மழை உங்கள் சரிவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

மழையளவு குறைவாக இருந்தாலும் பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்: தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, கதவு யன்னல் திடீரென இறுகுதல், நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்தல், புதிய ஊற்று கிளம்புதல், இருந்த ஊற்று வற்றுதல் அல்லது கலங்குதல், மலையிலிருந்து வரும் உறுமல் சத்தம்.

மாத வாரியாக மாத்தளை

- ஜனவரி, பெப்ரவரி: குளிர்ந்த இரவுகள். மழை தணிய இறப்பரும் இலவும் இலை உதிர்க்கும்.
- மார்ச், ஏப்ரல்: பிற்பகல் இடிமழை. முள்முருக்கு பூக்கும், இறப்பர் மீண்டும் பச்சையாகும். மின்னலில் கவனம் தேவை.
- மே முதல் செப்டெம்பர் வரை: ரிவஸ்டனில் கடுங்காற்றும் மூடுபனியும். லக்கல, தம்புள்ளைப் பக்கம் வறட்சி. தேக்கு உதிரும்.
- ஒக்டோபர், நவம்பர்: இடிமழை, தாழமுக்கம், புயல். தம்புள்ளைக்கு வடக்கே பெரும்போக விதைப்பு. மண்சரிவு அபாயம்.
- டிசெம்பர்: வடகீழ்ப் பருவமழை. கிழக்குச் சரிவுகளில் மழை கூடும். மண் ஊறியிருப்பதால் அபாயம் தொடரும்.

நக்கிள்ஸில் விழும் மழையின் ஒரு பகுதி அம்பன் கங்கை வழியாக மகாவலியைச் சேர்ந்து, திருகோணமலைக் கொட்டியாரக்குடாவில் கடலைத் தொடுகிறது. எனவே மாத்தளையில் மழையைக் குறித்து வைக்கும் ஒரு கொப்பி ஆற்றின் கீழே இருப்பவர்களுக்கும் உதவும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. தமிழில் பேசுபவர் உடனே கிடைக்காவிட்டால், பேசக்கூடிய அயலவர் ஒருவரின் இலக்கத்தையும் ஒக்டோபருக்கு முன்பே கைபேசியில் பதிந்து வையுங்கள்.